ரயில் இல்லாத ஊரில் ஒரு முதல் சுற்று

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. என் மனைவி சொல்லி ஊருக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் புதுத் தண்ணீர் டேங்க் ஏறினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் டேங்க் மேல் வந்த பொறாமை இரண்டு நாளில் வடிந்துவிடும். பொம்மை ரயில் எஞ்சின் மேல் வந்தது வடியவில்லை. பொம்மை என்று நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது.

அந்தமானில் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். நான் முதன்முதலில் ரயிலைப் பார்த்தது பதினேழு வயதில், சென்னையில். அதற்குள் கரி எஞ்சின் எல்லாம் ஓய்ந்து டீசல் வந்துவிட்டது. கரி எஞ்சின் இழுத்த பெட்டியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சாத்தத்துக்கும் பம்பூஃபிளாட்டுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியில் எனக்கு எஞ்சின் ரூம் வேலை. நாள் முழுக்க டீசல் வாசம், டீசல் சத்தம். பம்பூஃபிளாட்டில் என் வீட்டு மாடியில் ஒரு பெரிய மேஜை, அதன் மேல் வளைந்து ஓடும் சின்னத் தண்டவாளம், அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஸ்டீம் எஞ்சின்கள். வேலை முடிந்து வந்து அதை ஓட்டினால்தான் எனக்கு அந்த நாள் முடியும்.

மேஜையில் தரைக்கு நான் போட்டிருப்பது இங்கத்துக் காட்டு மரமான படாக்கின் தூள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது, அங்கே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். படாக் தூள் நல்ல சிவப்பு. சலித்து, நைசாக்கி, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தூவிவிட்டால் தென்தமிழ்நாட்டுச் செம்மண் மாதிரியே இருக்கும். இங்கே வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

வேறு யாரும் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற பெங்காலி மாஸ்டர், நாங்கள் கூடுவதற்கு முதல் நாளே மாயாபந்தரிலிருந்து பஸ் ஏறி வந்து மகள் வீட்டில் தங்கிக்கொள்வார். இன்னொருவர் மலையாளி எலக்ட்ரீஷியன். மூன்றாவது நான். நான்காவது என் நண்பன், சிப்பிகாட்டில் பம்புசெட் கடை வைத்திருக்கிறான். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். அவனை இதில் இழுத்துவிட்டதே நான்தான். என் மேஜையை வந்து பார்த்துவிட்டு, "ஏலே, எங்கூர்த் தேரி மண்ணு மாதிரியே இருக்குலே" என்றான். மூன்றாம் மாதம் அவனுக்கு இரண்டு எஞ்சின், எனக்கு ஒன்று. அன்றைக்கு ஆரம்பித்தது.

எஞ்சின் எண்ணிக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனிடம் இருந்த இன்னொன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சின்ன வயதில் லீவுக்கு அம்மா ஊருக்குப் போனபோது அவன் கரி எஞ்சின் வண்டியில் போயிருக்கிறான். நான்கு பேரும் கூடினால் தேநீர் வருவதற்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும்.

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கரித்தூள் கண்ணுல விழுந்துட்டு. நா போட்ட சத்தத்துல எங்கம்மா சங்கிலிய இழுக்கப் போயிட்டா பாத்துக்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அந்தக் கரித்தூள் மேல்கூட எனக்குப் பொறாமை. கண்ணில் விழுந்து உறுத்திய தூளுக்கு ஒரு மனிதன் ஆசைப்படுவானா? நான் ஆசைப்பட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதுவும் அவன் கொண்டுவந்ததுதான். அவன் அப்பா காலத்தில் புதுப் படகைக் கடலில் இறக்கினால் சொந்தக்காரன் கைதான் முதலில் துடுப்பைத் தொட வேண்டும். வேறு ஒருவன் முதலில் வலித்துவிட்டால் படகு அவனுடையதாகிவிடும், சொந்தக்காரனுக்கு மீன் படாது என்பார்களாம். அதையே எஞ்சினுக்கும் வைத்துக்கொண்டோம். யாருக்குப் புது எஞ்சின் வந்தாலும் தனியாகப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. நான்கு பேரும் கூட வேண்டும், எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டும், சொந்தக்காரன்தான் முதல் சுற்று ஓட்ட வேண்டும். மாஸ்டர் அதற்கு இந்தியில் 'பெஹ்லா சக்கர்' என்று பேர் வைத்தார். முதல் சுற்று முடிந்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். வெளியாளுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது விளையாட்டில்லை.

போன வருஷம் ஒரு கம்பெனி பழைய மீட்டர்கேஜ் கரி எஞ்சின் ஒன்றைப் புதிதாக வெளியிடப் போவதாக அறிவித்தது. தெற்கே பாசஞ்சர் வண்டி இழுத்த அதே எஞ்சின். அந்த மாடலைப் போடுங்கள் என்று அந்தக் கம்பெனிக்கு நான் எத்தனை கடிதம் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரி ஏற்றிய பின்வண்டி, முகப்பில் ஒற்றை விளக்கு, சக்கரங்களை இணைக்கும் மெல்லிய கம்பிகள். கொஞ்சம்தான் செய்வார்கள், மறுநாள் காலையில் புக்கிங் திறக்கும் என்றார்கள்.

அந்தக் காலையில் நான் செய்த காரியத்தை அந்தமான்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. இங்கே நாங்கள் ஆன்லைனில் எதை வாங்கினாலும் மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர் விலாசத்தைத்தான் போடுவோம். பாதி கம்பெனிகள் எங்கள் பின்கோடைப் பார்த்தாலே கையை விரித்துவிடும். எனக்கு அந்த விலாசம் பெரியம்மா மகன் வீடு. ஆனால் போன தீபாவளிக்கு அவனோடு சண்டை. அவன் விலாசத்தைப் போடுவதா, நானும் இந்தியாவில்தானே இருக்கிறேன் என்று வீம்பாகப் பம்பூஃபிளாட் விலாசத்தை அடித்தேன். இந்த முகவரிக்கு டெலிவரி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. திரும்ப அடித்தேன். திரும்ப வந்தது. வீம்பை விட்டுவிட்டுப் பெரியம்மா மகன் விலாசத்தைத் தேடி எடுத்து அடித்து முடிப்பதற்குள் எல்லாம் விற்றுப்போயிருந்தது.

சரியாக அந்த நேரத்தில் போன்.

"ஏலே, கெடச்சிட்டு. ராயபுரத்துல மச்சான் அட்ரஸப் போட்டேன், டக்குனு விழுந்துட்டு. ஒனக்கு?"

"நான் போடலடா," என்றேன். "அந்த பெயிண்ட் எனக்கு அவ்வளவா பிடிக்கல."

வாய் கூசாமல் சொன்னேன். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் என் எஞ்சின்களைப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "ஏங்க, வேலையில எதுவும் பிரச்சினையா?" என்று மனைவி கேட்டாள். பிரச்சினை சிப்பிகாட்டில் இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

எஞ்சின் ராயபுரத்துக்கு வந்து சேர்ந்த சமயம், மனைவியின் அக்கா மகள் கல்யாணத்துக்கு நாங்கள் சென்னை போக வேண்டியிருந்தது. மனைவி சில நாள் தங்கி வருவதாகவும் நான் மட்டும் கப்பலில் திரும்புவதாகவும் ஏற்பாடு. அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"மச்சான் வீட்டுல பொட்டி இருக்கு. எடுத்துட்டு வாரியா மக்கா? கப்பல்னா ஆடாம அசையாம வரும். ஒன் கையில வந்தா எனக்கு நிம்மதி."

மெயின்லேண்டுக்குப் போகிறவன் நாலு பேர் சாமானைச் சுமந்துகொண்டு வருவது இங்கே சட்டம் மாதிரி. கிரைண்டர் கல், மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, எது சொன்னாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நான் சொல்லவும் இல்லை. அந்த எஞ்சினை அவனுக்கு முன்னால் நான் தொடுவேன் என்பது அந்த நொடியே எனக்குத் தோன்றிவிட்டது.

ராயபுரத்தில் அவன் மச்சான் பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தார். "பாத்துக் கொண்டு போங்கண்ணே. அவருக்கு உசுரே இதுலதான்" என்றார். எனக்கும்தான் என்று சொல்லத் தோன்றியது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கப்பலில் மூன்று நாளும் பெட்டி என் பங்க்கில் தலைமாட்டில் இருந்தது. சாப்பிடப் போனாலும் தூக்கிக்கொண்டு போனேன். எதிர் பங்க்கில் இருந்த பெரியவர் இரண்டாம் நாள் பொறுக்கமாட்டாமல், உள்ளே என்ன என்று இந்தியில் கேட்டார். எஞ்சின் என்றேன். "கிஸ்கா?" என்றார். யாருடையது?

"மேரா," என்றேன். என்னுடையது.

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பெரியவர் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். எனக்கு முகம் சூடாகியது. ஆனால் அந்த வார்த்தை வாயில் தித்தித்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இறங்கியதும் அவனுக்குப் போன் செய்தேன். அவன் மாயாபந்தரில் இருந்தான். பாக்குத் தோட்டங்களுக்குப் பம்பு மாட்டும் வேலை, சனிக்கிழமைதான் திரும்புவானாம்.

"ஒன் வீட்டுலயே இருக்கட்டும்லே. ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வா. மாஸ்டர்ட்டயும் சொல்லிட்டேன்."

"பிரிச்சுப் பாக்கட்டுமாடா? வழியில அடிகிடி பட்டிருக்கான்னு?"

"வேண்டாம்லே. அன்னைக்கே எல்லாரும் சேந்து பாப்போம். கண்ண மூடிட்டு நாள எண்ணிட்டு இருக்கேன்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை நான் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். புதன்கிழமை எடுத்து மேஜை மேல் வைத்தேன். வியாழக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

இட்லிக்கு அல்ல. பெட்டியின் இரண்டு முனையிலும் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது. ஆவியில் காட்டினால் கிழியாமல் உரிந்து வரும். ஃபெர்ரியில் இருபது வருஷமாக எஞ்சின் மூட்டில் ஒட்டிய கேஸ்கெட் தாளை உரித்த கை, ஒரு கீறல்கூட விழவில்லை. உரித்த முத்திரைகளைத் தட்டில் ஒட்டி வைத்தேன். திருடனுக்கு உள்ள நிதானம் எல்லாம் எனக்கு அன்றைக்கு இருந்தது.

எஞ்சினைக் கையில் எடுத்தபோது அதன் கனமே வேறு மாதிரி இருந்தது. சும்மா பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தண்டவாளத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு சுற்று.

கண்ட்ரோலர் குமிழை மெல்லத் திருப்பினேன். உள்ளேயிருந்து புஸ், புஸ் என்று சத்தம் கிளம்பி, கம்பிகள் அசைந்து, வண்டி நகர்ந்தது. நான் குனிந்து தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டேன். சிவந்த தரையில் அது என்னைப் பார்த்து வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது. ஒரு சுற்று, இரண்டு, அப்புறம் நான் எண்ணவில்லை. குமிழைக் கூட்டினேன். இறுகிய வளைவில் முன் சக்கரம் ஏறி எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்து மரத்தூளுக்குள் விழுந்தது.

குமிழை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தேன். எடுத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. மறுபடி வைத்து ஓட்டினேன். நீளமான எஞ்சின், அந்த வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தால் தாண்டிவிடுகிறது என்று பிடிபட்டது. சாயங்காலம் வரை ஓட்டினேன். பிறகு மேலெல்லாம் மெல்லிய துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, முத்திரையைப் பழையபடி ஒட்டினேன். மூடும்போது என்னுடையதை எவனோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல் ஆத்திரம் வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சமாக.

ஞாயிற்றுக்கிழமை ஃபெர்ரியில் சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து சிப்பிகாட் போனேன். மாஸ்டரும் எலக்ட்ரீஷியனும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தான். மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, தண்டவாளத்தில் வேறு எஞ்சினே இல்லாமல் காலியாக வைத்திருந்தான். அவன் மனைவி சமோசாத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மூணு நாளா இவருக்குத் தூக்கமில்ல அண்ணே" என்றாள். எனக்கும் இல்லை, வேறு காரணம்.

அவன் முத்திரையை நகத்தால் உரித்தான். சந்தேகம் வரவில்லை. எஞ்சினை எடுத்துத் தூக்கிக் காட்டினான். மாஸ்டர் "வாஹ், வாஹ்" என்றார். பிறகு வழக்கம்போல் எண்ணெய் விடுவதற்காக அதைத் தலைகீழாகத் திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான்.

எஞ்சினின் அடிவயிற்றைத் துடைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஃபெர்ரி எஞ்சினுக்கு அடியில் படுத்துப் படுத்துப் பாதி ஆயுள் போனவன் நான், இதற்கு அடியில் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. எண்ணெய்ப் பசையுள்ள பல்சக்கரங்களின் இடுக்கில், சிவப்பாக, படாக் தூள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தான். எனக்கு வாயில் இருந்த சமோசா உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மற்ற இருவரும் தட்டில் குறியாக இருந்தார்கள். அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விரித்து, சின்னப் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தட்டித் தூளைத் தாளில் விழவைத்தான். அவசரமே படவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எண்ணெய் விட்டான். எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்தினான். பிறகு கண்ட்ரோலரை என் பக்கம் தள்ளினான்.

"மொதச் சுத்து இவன் ஓட்டட்டும். கப்பல்ல மூணு நாள் மடியில வச்சுக் கொண்டாந்தவன் இவன்தான."

"நீ ஓட்டுடா," என்றேன். கண்ட்ரோலரைத் திரும்ப அவன் பக்கம் தள்ளினேன். "உன் வண்டி."

"ஓட்டுலே."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "தோஸ்தி ஹோ தோ ஐஸி" என்றார். நட்பென்றால் இப்படி இருக்க வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் கை தட்டினார். நான் குமிழைப் பிடித்தேன். வண்டி கிளம்பியது, அதே புஸ், புஸ். எங்கள் எல்லோரிடமும் இருப்பது ஒரே மாதிரி வளைவுத் துண்டுகள். இறுகிய வளைவு வந்ததும் என் விரல் தானாகக் குமிழைக் குறைத்தது. வண்டி வளைவைத் தாண்டியதும் கூட்டியது. நான் நினைத்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் அதைக் கவனித்துவிட்டார். "அங்கே குறைக்கணும்னு ஆப்கோ கைஸே மாலூம்?" என்றார், தமிழும் இந்தியுமாக.

எனக்குத் தெரிந்தது எப்படி என்று என்ன சொல்வேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான். "கம்பெனிக்காரனே வெப்சைட்டுல போட்டிருக்கான். நாந்தான் போன்ல சொன்னேன்."

ஒரு சுற்றோடு நிறுத்தினேன். கண்ட்ரோலரை அவனிடம் நீட்டினேன். "நா பொறவு ஓட்டிக்கிடுதேன்" என்று சொல்லி எஞ்சினை எடுத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தான். மாஸ்டர் எவ்வளவோ கேட்டும் அன்றைக்கு ஓட்டவில்லை.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தான். திட்டிவிடுவான், திட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். நான் அவனாக இருந்திருந்தால் சிப்பிகாட்டையே கூட்டியிருப்பேன். பஸ் வந்ததும் தன் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தான்.

"ஒஞ் சாமான்லே. விட்டுட்டுப் போயிராத" என்றான்.

சாத்தம் வரை, அங்கிருந்து ஃபெர்ரியில் வீடு வரை, அந்தத் தாள் என் நெஞ்சின் மேல் இருந்தது. நான்கு மாதம் ஆகிறது. அவன் வீட்டுக்கு மூன்று தடவை போய்விட்டேன். எஞ்சின் கண்ணாடிக்குள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு தடவைகூட அவன் ஓட்டியதாகத் தெரியவில்லை. வலித்தவன் படகு என்று அவன் அப்பா காலத்து வழக்கம். அப்படிப் பார்த்தால் நான் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

போன வாரம் போன் செய்தான்.

"ஏலே, அந்த எஞ்சின மறுபடியும் போடுறானாம். புக்கிங் தெறந்துட்டு. மச்சான் அட்ரஸ அனுப்பிருக்கேன், ஒம் பேர்ல போட்டுரு. வீம்பு பண்ணிட்டு இருக்காத."

போட்டேன். கிடைத்துவிட்டது. நான் சந்தோஷத்தில் ஏதேதோ உளறினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"அடுத்த மாசம் நா மெயின்லேண்டு போறேன். நானே கொண்டாந்திருதேன். பொட்டி எங்க வீட்டுல ரெண்டு நாள் இருக்கட்டும். மொதச் சுத்து நா ஓட்டிட்டுத் தாரேன்."

"சரிடா," என்றேன். போனை வைத்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்தேன். அவன் மேஜையில் என் எஞ்சின் ஓடுவதும், அவன் குனிந்து கண்ணை வைத்துப் பார்ப்பதும் கண் முன்னால் வந்தது. என் எஞ்சின், இன்னும் பெட்டியில்கூட ஏறவில்லை, அதற்குள் எனக்கு வயிறு எரிகிறது.